தலைவர் கதிரையும் ஒரு சம்பளத் துண்டும்

"சேவை" என்ற சொல்லை எங்கட சனத்திடமிருந்து ஒரு அஞ்சு வருசத்துக்குப் பறிமுதல் செய்யவேணும். முக்கியமாக, பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும் மிருதங்கமும் படிப்பிக்கிறோம் என்று சங்கம் வைத்திருக்கிறவர்களிடமிருந்து. கணக்குக் கேட்டால் சேவை. ரீச்சருக்கு ஏன் இவ்வளவு குறையக் காசு குடுக்கிறீங்கள் என்று கேட்டால் சேவை. இருபது வருசமாக ஏன் ஒரே ஆள் தலைவர் என்று கேட்டால், "வேற ஆர் தம்பி இந்தச் சேவையைச் செய்ய வருவினம்?"

இதை வாசிக்கிற சிலபேருக்கு இது தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான் என்று தோன்றும். தோன்றட்டும். பாரிஸிலும் சுத்தியிருக்கிற ஊர்களிலும் இப்பிடி எத்தனையோ சங்கங்கள் இருக்கின்றன. லண்டனில், ரொறொன்ரோவில், சூரிச்சில் இருக்கிற சிநேகிதர்களோடு கதைத்தால் அங்கேயும் கிட்டத்தட்ட இதே கதை. என்ர மகள் படிக்கிற சங்கத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்த ஒரு ஆளைப் பற்றின கதையாகிவிடும். மற்றத் தலைவர்மார் எல்லாரும் "நல்லகாலம், நாங்களில்லை" என்று தேத்தண்ணி குடிப்பார்கள்.

நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இஞ்சை வந்து முதன்முதல் வகுப்புத் தொடங்கின ஆக்கள் சும்மா ஆக்கள் இல்லை. பகலில் கோப்பை கழுவி, பின்னேரத்தில் ஆர்மோனியப் பெட்டியை மெத்ரோவில் தூக்கிக்கொண்டு போய், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற குளிர்ந்த ஹோலில் அஞ்சு பிள்ளைகளுக்கு ஸரிகம சொல்லிக் குடுத்தவர்கள். விசாவும் இல்லை, வீட்டு வாடகையும் இல்லை, ஆனால் பிள்ளை தமிழில் பாடவேணும் என்று நினைத்தவர்கள். அவர்களை நான் கும்பிடுவேன். பிரச்சினை என்னவென்றால், அப்போது பெட்டி தூக்கினவர் இப்போது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட மாட்டேன் என்கிறார். தூக்கினதுக்கும் மறைக்கிறதுக்கும் சம்பந்தம் இல்லை.

எங்கட ஆக்கள் நிறையப்பேருக்குத் தெரியாத ஒரு விசயம். பிரான்சில் வெளிநாட்டுக்காரன் தன்ர பாட்டில் சங்கம் தொடங்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 1939 ஏப்ரலில் போட்ட ஒரு ஆணையால், வெளிநாட்டுக்காரரின் சங்கத்துக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேணும் என்றாக்கினார்கள். நாற்பது வருசத்துக்கு மேல் அதுதான் நிலைமை. மித்தரோன் வந்தபிறகு, 1981 ஒக்ரோபரில்தான் அதை எடுத்தார்கள். இரண்டு வருசம் கழித்து 1983. ஏன் வந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ஒரு சங்கீத வகுப்புக்குச் சங்கம் பதியக்கூட அமைச்சு வாசலில் நின்றிருப்போம். இத்தாலியனும் போர்த்துக்கீசனும் அல்ஜீரியனும் பட்ட பாட்டுக்குப் பிறகு கிடைத்த உரிமை எங்கட கையில் சும்மா வந்து விழுந்தது. அதனால்தான் அதின்ர பெறுமதி தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த உரிமையின் தாய்ச் சட்டம் 1901 ஜூலை 1ஆம் தேதியச் சட்டம். எல்லாரும் "மில் நெஃப் சோ அன்" என்று வாயால் சொல்லுவோம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டோம். அது சொல்லுவது சின்ன விசயம்தான். இரண்டு பேரோ அதுக்கு மேலோ சேர்ந்து, தங்களுக்குத் தெரிந்ததையும் தங்கட உழைப்பையும் நிரந்தரமாக ஒன்றாக்கி, இலாபம் பிரிப்பதற்கில்லாத ஒரு நோக்கத்துக்காகச் செய்துகொள்கிற ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றுதான் இருக்கிறது. பங்கு இல்லை, சொந்தக்காரன் இல்லை. தலைவர் என்பவர் அந்த ஒப்பந்தத்தின் பேரில் கையெழுத்துப் போடுகிற ஆள். நிர்வாகத்தில் ஆள் மாறினால் மூன்று மாசத்துக்குள் பிறெபெக்சருக்கு அறிவிக்கவேணும். சங்கத்தின் யாப்பையும் நிர்வாகிகளின் பெயர்களையும் யார் வேணுமென்றாலும் பிறெபெக்சரில் கேட்டுப் பார்க்கலாம். உறுப்பினராக இருக்கவேணும் என்றுகூட இல்லை.

ஆனால் எங்கட சங்கங்களில் தலைவர் என்றால் முதலாளி. முதலாளி என்றாலும் பரவாயில்லை, பிறகு சொல்லுகிறேன் ஏன் என்று. எங்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. தலைவர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் பிறகு அவரைக் கேள்வி கேட்கிறவன் துரோகி. கதிரையின் அளவு சின்னதோ பெரிசோ, பழக்கம் ஒன்றுதான்.

ஆண்டுவிழாவைப் பாருங்கள். பிள்ளைகள் மத்தியானம் ஒரு மணிக்கு வரவேணும். தலை பின்னி, மை பூசி, நகை கட்டி, சலங்கை கட்டி ஒரு அறைக்குள் இருத்துவார்கள். சாப்பிட்டால் உடுப்பில் ஊத்தும் என்று சாப்பிடவும் விடமாட்டார்கள். விழா ஐந்தரைக்குத் தொடங்கும் என்று போட்டு ஏழு மணிக்குத் தொடங்கும். மங்கள விளக்கு ஏற்ற பதினொரு பேர். நகைக்கடைக்காரர், பலசரக்குக் கடைக்காரர், காசு அனுப்புகிற கடைக்காரர், காப்புறுதி விக்கிறவர். பிறகு தலைவர் உரை. தான் 2004இல் எப்படித் தனியாளாகத் தொடங்கினேன் என்று. (தனியாள் இல்லை. கூட இருந்த இரண்டு பேரை எனக்கே தெரியும். ஒருவர் இப்போது அவரோடு கதைப்பதில்லை.) பிறகு பொன்னாடை, அதுக்குப் பிறகு பொன்னாடை போர்த்தினவருக்குப் பொன்னாடை. என்ர மகளின் குழு மேடைக்கு வர ஒன்பதரை மணி. ஆறு நிமிசம். அந்த ஆறு நிமிசத்துக்குப் பெற்றோரும் ரிக்கற் எடுக்கவேணும், தலைக்குப் பதினைஞ்சு யூரோ. அண்டைக்கு எனக்கு லீவு தரமாட்டோம் என்று குசினியில் சொல்லி, நான் ஒரு ஞாயிறு வேலையை மாத்திக் குடுத்துத்தான் போனேன்.

பிள்ளைகள் தலைவரின் உரைக்கு அலங்காரமா, தலைவர் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கு உதவியாளா? மூன்று மணித்தியால விழாவில் ஒன்றரை மணித்தியாலம் மைக் யாரிடம் இருந்தது என்று கணக்குப் பாருங்கள், விடை வரும்.

இதெல்லாம் பகிடியோடு போகிற விசயம். பகிடி இல்லாதது ரீச்சரின் கதை.

மகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்த ரீச்சர் மருதனார்மடத்தில், இராமநாதன் நுண்கலைப் பகுதியில் முறையாகப் படித்தவர். வட இலங்கை சங்கீத சபையின் ஆசிரியர் தரமும் எடுத்தவர். அந்தச் சோதினை எவ்வளவு கஷ்டம் என்று ஊரில் அக்கா, தங்கச்சி இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவர் ஒன்பது வருசம் அந்தச் சங்கத்தில் படிப்பித்தார். புதன் பின்னேரம், சனி முழுநாள். காசு ஒரு என்வலப்பில் வரும். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைவர் எண்ணி வைப்பார். பிள்ளை வராத கிழமைக்குக் கழிப்பார். நாங்கள் குடுக்கிற மாசக் காசில் மூன்றில் ஒரு பங்குகூட அந்த என்வலப்புக்குள் போகவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரீச்சரின் மனுசனுக்கு வருத்தம் வந்தது. வேலைக்குப் போகமுடியாது. இருந்த வீட்டையும் விடவேண்டி வந்தது. புது வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி, கடைசி மூன்று மாசச் சம்பளத் துண்டு எங்கே? பிரான்சில் இருக்கிற அகதிக்குச் சம்பளத் துண்டு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வீட்டுக்கு அது. மனுசியை, பிள்ளையை ஊரிலிருந்து கூப்பிட அது. குடியுரிமைக்கு அது. வேலை போனால் உதவிக்காசுக்கு அது. வயது போனபிறகு பென்சனுக்கு அது. கடதாசி ஒன்றுதான், ஆனால் அது இல்லாவிட்டால் நீ இந்த நாட்டில் இவ்வளவு காலம் என்ன செய்தாய் என்பதுக்கு ஆதாரம் இல்லை. ஒன்பது வருசம் எழுபது எண்பது பிள்ளைகளின் குரலைத் திருத்தின மனுசி, அரசாங்கத்தின் கண்ணில் ஒன்பது வருசம் சும்மா இருந்தவ.

ரீச்சர் போய்த் தலைவரிடம் கேட்டிருக்கிறார், இனியாவது துண்டு போட்டுத் தாங்கோ என்று. அவர் சொன்ன பதில், "நீங்கள் தொண்டர்தானே ரீச்சர், நாங்கள் தாறது போக்குவரத்துச் செலவு." அடுத்த தவணைக்கு வேறு ரீச்சர் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் இரண்டு கிழமை, "ரீச்சர் எங்கை? வருத்தமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரீச்சரிடம் போன் எடுத்துக் கேட்டபிறகுதான் எங்களுக்கே விசயம் தெரியும்.

இந்தத் தொண்டர் கதை சட்டத்தில் நிற்காது. தொண்டருக்கு அவர் உண்மையில் செலவழித்த காசைத்தான் திருப்பிக் குடுக்கலாம், ரிக்கற்றும் பற்றுச்சீட்டும் வைத்து. இத்தனை மணிக்கு வா, இத்தனை மணிக்குப் போ, இந்தப் பாடத்தைப் படிப்பி என்று சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று காசு குடுத்தால் அது சம்பளம். சம்பளம் என்றால் துண்டு. சின்னச் சங்கங்களுக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை என்ற சாட்டும் சரிவராது. அதுக்கென்றே "செக் அம்ப்ளுவா அசோசியாத்திவ்" என்று அரசாங்கம் ஒரு முறை வைத்திருக்கிறது. மணித்தியாலத்தையும் சம்பளத்தையும் குடுத்தால் துண்டை அவர்களே செய்து தருவார்கள். அந்தச் சேவைக்குக் காசும் இல்லை. சமூகக் கட்டணம் மட்டும் கட்டவேணும். அந்தக் கட்டணத்தைத்தான் கட்ட மனமில்லை.

இதுதான் முதலாளி என்றாலும் பரவாயில்லை என்று சொன்னதன் காரணம். நான் வேலை செய்கிற றெஸ்ரோரன்ட் முதலாளி நல்லவன் என்று சொல்ல மாட்டேன். மேலதிக மணித்தியாலத்தில் அடிப்பான். தட்டு உடைந்தால் கத்துவான். ஆனால் மாசம் முடிய அவன் எனக்குச் சம்பளத் துண்டு தருகிறான். தராவிட்டால் தொழில் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று அவனுக்குத் தெரியும். இலாபத்துக்குக் கடை நடத்துகிறவன் செய்கிறதை, இலாபம் இல்லாமல் கலை வளர்க்கிறவர் செய்ய மாட்டாராம். ஏனென்றால் அவர் சேவை செய்கிறார்.

இன்னொரு கூத்து, வரிக்கழிவு. சங்கத்துக்கு நன்கொடை குடுத்தால் 66 வீதம் வருமான வரியில் கழிக்கலாம். நூறு யூரோ குடுத்தால் கையில் இருந்து போவது 34. நல்ல சட்டம். ஆனால் அது நன்கொடைக்கு. வகுப்புக்குக் கட்டுகிற காசு நன்கொடை இல்லை, பதிலுக்குப் பாடம் கிடைக்கிறது. வகுப்புக் காசுக்கு நன்கொடைச் சீட்டு எழுதித் தருகிற சங்கங்கள் இருக்கின்றன. பெற்றோரும் சந்தோசமாக வாங்குகிறார்கள். அந்தச் சீட்டை வாங்கின கையால் பிறகு கணக்குக் கேட்க முடியுமா? வாயில் லட்டு வைத்தபிறகு என்னத்தைக் கதைக்கிறது.

இது எங்கட சனத்தின்ர வியாதி மட்டும் என்று நினைக்கவேண்டாம். உலகத்திலேயே பெரிய இலவச இசைக் கல்வி அமைப்பு என்று கொண்டாடப்பட்ட இடத்திலும் இதே நோய்தான். வெனிசுவேலாவின் எல் சிஸ்தேமாவைச் சொல்லுகிறேன். ஹொசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் 1975இல் கராகஸில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கைப்பிடி இளைஞர்களோடு தொடங்கினது. மனுசன் பொருளாதாரம் படித்தவர், இசையும் படித்தவர். தெருவில் நிற்கிற பிள்ளையின் கையில் வயலினைக் குடுத்தால் அவன் வேறு மனிசனாவான் என்றார். 2007 ஓகஸ்டில் அவரின் பெடிபெட்டையள், குஸ்தாவோ துதமெல் நடத்த, லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் வாசித்ததை இணையத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொடியின் நிறத்தில் சட்டை போட்டு, வாத்தியத்தைச் சுழற்றி, ஆடி ஆடி வாசிப்பார்கள். நான் இரவு வேலை முடிந்து வந்து அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். எங்கட பிள்ளைகளுக்கு இப்பிடி ஒரு ஆள் கிடைக்கவில்லையே என்று.

பிறகு வாசிக்க வாசிக்க மற்றப் பக்கம் தெரிந்தது. அப்ரேயு 2018 மார்ச்சில் சாகும்வரைக்கும், 43 வருசம், அந்த அமைப்பு என்றால் அவர்தான். வலதுசாரி வந்தாலும் இடதுசாரி வந்தாலும் எந்த ஜனாதிபதியோடும் அவர் ஒத்துப்போனார். கார்லோஸ் அந்திரேஸ் பெரஸின் அரசில் கலாச்சார அமைச்சராக இருந்தார். அதே பெரஸைக் கவிழ்க்க 1992இல் சதி செய்த சாவேஸ் ஜனாதிபதியானபோதும் அவருக்குக் குறை வரவில்லை. அமைப்பே ஜனாதிபதி அலுவலகத்துக்குக் கீழே போனது. காசு ஓடியது. ஆங்கிலேயப் பேராசிரியர் ஜெஃப்ரி பேக்கர் அங்கே போய் இருந்து ஆராய்ந்து 2014இல் ஒரு புத்தகம் எழுதினார். எல்லாம் மேலிருந்து கீழே, ஒரு மனிசனைச் சுற்றி, உள்ளே இருக்கிறவர்கள் வாய் திறக்கப் பயம் என்பதுதான் அதின்ர சாரம். வெளியில் பெரிய கோபம் எழும்பியது. "பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறவரை இப்பிடிச் சொல்லலாமோ?" என்று. கேட்ட மாதிரி இருக்கிறதா?

2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 2,914 பிள்ளைகளை வைத்துச் செய்தது. அதில் ஒரு சின்னக் கணக்கு. சேர்ந்த பிள்ளைகளில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தது நூற்றுக்கு 17 பேர் அளவில்தான். அந்தப் பிள்ளைகள் இருந்த மாநிலங்களில் வறுமை நூற்றுக்கு 46க்கு மேல். ஏழைப் பிள்ளைக்காகத்தான் என்று உலகம் முழுக்கச் சொல்லிக் காசு வாங்கின அமைப்பில், ஏழைப் பிள்ளை உள்ளே வரவில்லை. கூட இருந்து கணக்குப் பார்க்க ஆள் இருந்திருந்தால் இது நாற்பது வருசம் கழித்தா தெரியவரும்?

அதே 2017இல் மதுரோவுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் அந்த அமைப்பில் வயோலா வாசித்த ஒரு பதின்ம வயதுப் பெடியன் செத்தான். அதுவரைக்கும் வாய் திறக்காமல் இருந்த துதமெல் அப்போதுதான் அரசாங்கத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அடுத்த சில மாதங்களில், ஓகஸ்டில், அவர் நடத்த இருந்த தேசிய இளைஞர் இசைக்குழுவின் அமெரிக்கப் பயணத்தை அரசு நிறுத்தியது. மாசக்கணக்காகப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். தலைவரின் கெட்டித்தனத்தில் மட்டும் நிற்கிற அமைப்பு இப்பிடித்தான். அவர் ஆரோடு சேர்ந்து நிற்கிறாரோ, அந்த ஆளின் கோபம் கடைசியில் பிள்ளையின் தலையில் விழும். 2021இல் அங்கே படித்த பெண்கள் தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளைச் சொல்லத் தொடங்கினதையும் சேர்த்துப் பாருங்கள். எத்தனை வருசம் சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

எங்கட பக்கத்துக்கு வருவோம். கலாக்ஷேத்திராவில் படித்தவர் என்றால் எங்கட ஆக்கள் எழும்பி நின்று கும்பிடுவார்கள். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கி 1986இல் சாகும்வரை, ஐம்பது வருசம், அதின்ர உயிராக இருந்தவர். அவருக்குப் பிறகு 1993இல் இந்தியப் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதைத் தேசிய முக்கியத்துவமான நிறுவனமாக்கியது. இவ்வளவு பெரிய இடம், சட்டம், நிர்வாக சபை எல்லாம் இருந்தும், 2023 மார்ச் கடைசியில் மாணவர்கள் வளாகத்துக்குள் இருந்து போராடவேண்டி வந்தது. பாலியல் தொந்தரவுகளை நிர்வாகத்திடம் சொன்னோம், கேட்கவில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. மாநில மகளிர் ஆணையம் போய் வாக்குமூலம் எடுத்தது. ஏப்ரலில் ஒரு ஆசிரியரைக் கைது செய்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். அந்த ஆசிரியரைப் பற்றி நான் கதைக்க வரவில்லை, அது நீதிமன்றத்தின்ர வேலை. நான் கேட்பது, பிள்ளைகள் வெயிலில் இருந்து கத்தும்வரைக்கும் மேலே இருந்தவர்களின் காது எங்கே போனது என்று.

குரு, சிஷ்யை, பாதநமஸ்காரம். இதெல்லாம் அழகான விசயங்கள்தான். ஆனால் ரீச்சரின் காலில் விழுகிற பழக்கத்தைத் தலைவர்மார் தங்கட காலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். சங்கீதமே தெரியாத தலைவர் மேடையில் நிற்க, சான்றிதழ் வாங்குகிற பிள்ளை குனிந்து கால் தொடுகிறது. எங்கட சங்கத்தில் வகுப்பு நடத்துவது அவர்கள், சோதினை வைப்பது அவர்கள், சோதினைக்குப் பரீட்சகரைக் கொண்டுவருவது அவர்கள், சான்றிதழ் அடிப்பது அவர்கள். ஊரில் சங்கீத சபை என்று வகுப்புக்கு வெளியில் ஒரு அமைப்பு இருந்து சோதினை வைத்ததன் அர்த்தம் இஞ்சை மறந்துபோச்சு. தன்ர கடைச் சாப்பாட்டுக்குத் தானே நட்சத்திரம் குடுக்கிற றெஸ்ரோரன்ட்டை நான் பார்த்ததில்லை.

இதே ஊரில், பத்து நிமிச நடையில், நகரசபையின் கொன்சர்வத்துவார் இருக்கிறது. அங்கே கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்து வைக்கிறார்கள். துப்புரவு வேலை செய்கிறவரின் பிள்ளைக்கும் டொக்டரின் பிள்ளைக்கும் ஒரே காசு இல்லை. பெற்றோரின் பிரதிநிதிகளும் ஆசிரியர்களின் பிரதிநிதிகளும் இருக்கிற சபை ஒன்றும் உண்டு. பாரிஸ் பில்ஹார்மோனி 2010இல் தொடங்கின "தெமோஸ்" என்ற திட்டத்தில் வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகளுக்கு வாத்தியத்தைக் கையில் குடுத்து, மூன்று வருசம், காசில்லாமல் சொல்லிக் குடுக்கிறார்கள். வெள்ளைக்காரன் செய்தால் எல்லாம் திறம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாசலுக்கு எங்கட சனம் போகப் பயப்படுகிறது, போனாலும் அங்கே கல்யாணி ராகம் இல்லை. அதாலதான் எங்களுக்கு எங்கட சங்கம் வேணும். எங்கட சங்கத்தில் இரண்டாவது பிள்ளைக்குக் காசு குறைக்க ஏலுமோ என்று ஒரு அக்கா கேட்டதுக்கு, "வசதி இல்லாட்டி ஒரு பிள்ளையை விடுங்கோ" என்று பதில் வந்தது. அந்த அக்கா காலமை நாலு மணிக்கு அலுவலகங்கள் கூட்டப் போகிறவ. இரண்டாவதை விட்டுவிட்டா. மிருதங்கம் வாசித்த பெடியன்.

"குறை சொல்லுறது லேசு, நீ வந்து செய்து காட்டு." இதைத்தான் சொல்லப்போகிறார்கள் என்று தெரியும். சாப்பாட்டில் உப்புக் கூடிப்போச்சு என்று தட்டைத் திருப்பி அனுப்புகிற ஆளிடம் எங்கட செவ், நீ வந்து சமை என்று சொல்லுவதில்லை. ருசி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வேறு தட்டுப் போடுவார். அதோடு, செய்து காட்ட விட்டால்தானே. போன வருசம் மூன்று பெற்றோர் நிர்வாகத்துக்கு வர விருப்பம் என்று கேட்டபோது, "நிர்வாகம் நிரம்பி இருக்கு" என்றார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் சொல்லவில்லை.

யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்தவன் நான். பட்டம் இல்லை. மேடையில் இருக்கிற தலைவருக்கு இரண்டு பட்டமும், இஞ்சை ஒரு சபை குடுத்த "கலாநிதி"யும் இருக்கிறது. ஆனபடியால் என்ர கடிதத்துக்கு அவர் மறுமொழி எழுதவேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருக்கலாம். தையில் பதிவுத்தபாலில் அனுப்பினேன். கேட்டது அதிகம் இல்லை. கடைசி மூன்று வருசக் கணக்கு. கடைசிப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது என்ற விவரம். ரீச்சரின் ஒன்பது வருசத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்ற பதில். கைச்சாத்து வைத்துக் கடிதத்தை எடுத்திருக்கிறார்கள், பதில் இல்லை. அடுத்த கிழமை மகளை முன்வரிசையில் இருந்து மூன்றாம் வரிசைக்கு மாத்தினார்கள். குரல் கட்டியிருக்காம். அவள் பதின்மூன்று வயதுப் பிள்ளை, அவளுக்கு விளங்காதா.

ரீச்சர் இப்போது தன்ர வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறார். மகளும் அங்கேதான். சின்ன வீடு, கட்டிலை மடித்து வைத்துவிட்டுப் பாய் விரிக்கவேணும். தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். "வேண்டாம் அண்ணை, சனம் என்ன சொல்லும்" என்கிறார். சனத்தைப் பற்றி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்தோம். சம்பளம் கேட்க ஒரு கால எல்லை இருக்கிறது, மூன்று வருசம், அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பதில் வராததால் போன மாசம் பிறெபெக்சருக்கு எழுதி, அந்தச் சங்கத்தின் யாப்பையும் நிர்வாகிகள் பட்டியலையும் கேட்டேன். விசாக் கார்ட்டுக்காக விடியக்காலமை குளிரில் வரிசையில் நின்ற அதே பொபினிதான். இந்த முறை ஒருவரும் என்னிடம் கடதாசி கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். கிடைத்தது. யாப்பின்படி ஒவ்வொரு இரண்டு வருசமும் பொதுக்கூட்டத்தில் நிர்வாகத் தெரிவு நடக்கவேணும். வரவு செலவை உறுப்பினர் முன் வாசித்து வாக்கெடுக்கவேணும். கடைசியாகக் குடுத்த பட்டியலில் மூன்று பெயர்தான். தலைவர் அவர். செயலாளர் அவரின் மனுசி. பொருளாளர் என்று போட்டிருக்கிற ஐயாவின் செத்தவீட்டுக்கு நான் போயிருக்கிறேன். 2018 மாசியில்.